ஐப்பசி முதல் மார்கழி வரை: அறுபது பேர் அமரும் அரங்கில் என்னென்ன நாடகம் போடலாம்?

மாடியரங்கு (இழை தொடக்கம்):

மதுரையில் பழைய அச்சகம் ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்து நாங்கள் நடத்திவரும் சிறு அரங்கைப் பற்றி இந்த மன்றத்தில் சிலர் முன்பே விசாரித்திருக்கிறீர்கள். நாற்பது நாற்காலிகள் போட்டு, அவற்றுக்கு முன்னால் இரண்டு ஜமுக்காளங்களை விரித்தால் அறுபது பேர் நெருக்கமாக அமரலாம். உயர்ந்த மேடை கிடையாது, தரைதான் ஆடுகளம். வரும் ஐப்பசியிலிருந்து மார்கழிக் கடைசி வரை ஒரு நிகழ்ச்சி நிரலை அச்சிட்டு வெளியிட நினைக்கிறோம். அதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்துகள் தேவைப்படுகின்றன.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் வரைவு இது. முதல் சனிக்கிழமை நவீன நாடகாசிரியர் ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்'. அடுத்த வாரம் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்காரின் நாடகம் ஒன்று, தமிழ் மொழிபெயர்ப்பில். தீபாவளி வாரம் விடுமுறை. பிறகு புதுச்சேரியிலிருந்து வரும் குழு ஒன்றின் ஓராள் நாடகம், எங்கள் குழுவின் புதிய நாடகம், கல்லூரி மாணவர்கள் தயாரிக்கும் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யிலிருந்து சில காட்சிகள், இரண்டு நாள் தெருக்கூத்துப் பயிற்சிப் பட்டறை, ஒத்திகையின்றிப் பாடி ஆடும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுடன் ஒரு மாலை, ஒரு நாடக வாசிப்பு, அரையாண்டு விடுமுறையில் குழந்தைகள் நாடகம். மொத்தம் ஒன்பது நிகழ்ச்சிகள், பட்டறையைத் தவிர எல்லாம் ஒவ்வொரு முறை. எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று தோழர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

பின்வரிசை:

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். உங்கள் வரைவில் என்னை உறுத்துவது 'ஒவ்வொரு முறை' என்ற சொல்தான். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த நாடகத்தை ஒரே மாலையில் ஆடி முடித்துவிட்டு, மறுநாள் காலையில் தட்டிகளைக் கழற்றிப் பரணில் போடும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சென்னையின் சபா நாடகங்களில் ஒரு சபாவில் ஒரு நாள்தான் ஆடுவார்கள். ஆனால் அதே நாடகம் அடுத்த வாரம் வேறொரு சபாவுக்குப் போகும். அங்கே உறுப்பினர்கள் சந்தா கட்டி உட்கார்ந்திருக்க, நாடகம் அவர்களைத் தேடிப் போனது. அதனால் ஒரு நாடகம் ஐம்பது, நூறு என்று மேடையேற முடிந்தது. உங்களிடம் சந்தா கட்டிய உறுப்பினர்களும் இல்லை, அடுத்தடுத்து அழைக்கப் பத்து சபாக்களும் இல்லை. கையில் இருப்பது ஒரே ஓர் இடம். இடம் நிலையாக இருக்கும்போது நாடகமும் அங்கேயே சில காலம் தங்கினால்தான், அதைக் கேள்விப்பட்டு ஆட்கள் தேடி வருவதற்கு அவகாசம் கிடைக்கும்.

மும்பை ஜூஹூவில் 1978இல் சசி கபூரும் ஜெனிபர் கபூரும் திறந்த பிருத்வி அரங்கில் ஏறத்தாழ இருநூறு இருக்கைகள்தான். பெங்களூரின் ஜே.பி. நகரில் அருந்ததி நாக் முன்னின்று 2004இல் திறந்த ரங்க சங்கராவில் முந்நூற்றுச் சொச்சம். திங்கள் தவிர எந்த நாள் மாலை போனாலும் அங்கே ஏதோ ஒரு நாடகம் இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். 'இன்றைக்கு என்ன நாடகம்' என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள், 'இன்றைக்கு நாடகம் உண்டா' என்று யாரும் கேட்பதில்லை. அந்த அளவுக்கு நம்மால் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று மாதத்துக்கு மூன்றே நாடகங்கள், ஒவ்வொன்றும் தொடர்ந்து நான்கு மாலைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிறு அரங்குக்கு அது இயலாத காரியம் இல்லை. ஹெக்கோடு கிராமத்து நாடக அமைப்பான நீநாசம் 1985 முதல் நடத்திவரும் 'திருகாட்ட' பயணக்குழு, ஆண்டுக்கு ஒருசில நாடகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கர்நாடகம் முழுவதும் சுற்றி வருகிறது. அவ்வளவு பெரிய அமைப்பே எண்ணிக்கையைச் சுருக்கிக்கொண்டு ஆட்டத்தைப் பெருக்குகிறது.

வைகைக்கரை:

பின்வரிசை அவர்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. மதுரையில் நவீன நாடகம் பார்க்க வருபவர்களை இருபது ஆண்டுகளாக எனக்கு முகம் தெரியும். அதே பேராசிரியர்கள், அதே சிறுபத்திரிகை நண்பர்கள், அதே முற்போக்கு இயக்கத் தோழர்கள். முதல் நாள் எல்லோரும் வந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் நடிகர்களின் வீட்டார் மட்டும் இருப்பார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடி மனம் சோர்ந்து போன இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு நடிகர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் ஆசிரியர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான்கு மாலை தொடர்ந்து கேட்டால் இரண்டாவது நாளே ஒருவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். கார்த்திகை பிறந்தால் எங்கள் குழுவில் ஒருவர் மாலை போட்டுவிடுவார். மாலை போட்ட பிறகு குடிகாரன் வேடம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுவார். அவரிடம் வாதாடி ஜெயித்த நெறியாளர் இதுவரை இல்லை.

ஒளிப்பெட்டி:

நான் ஒளியமைப்புப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இந்த விவாதத்தில் செலவுக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

விளக்குகளை வாடகைக்கு எடுத்தால், வண்டி வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் ஒரு ஷோவுக்கும் நான்கு ஷோவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே கம்பியில் மாட்டி, ஒவ்வொன்றின் முகத்தையும் திருப்பி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் அளவு குறித்து முடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆகிறது. அதை ஒரே மாலைக்காகச் செய்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கழற்றும்போது வரும் எரிச்சலை வார்த்தையில் சொல்ல முடியாது. ஆகவே சனியும் ஞாயிறும் சேர்த்து இரண்டு வாரம் ஆடுங்கள். தொடர்ந்து நான்கு நாள் தேவையில்லை. வைகைக்கரை சொல்லும் வங்கிக்காரரும் மருந்துக்கடைக்காரரும் அதற்கு ஒத்துவருவார்கள். இடைப்பட்ட வாரத்தில் விளக்குகள் அங்கேயே தொங்கட்டும். வாரநாட்களில் யாருக்கும் தேவைப்படாது என்பதால் வாடகைக்காரரிடம் பேசினால் படியத்தான் செய்வார்.

அடுத்தது மின்சாரம். உங்கள் மாடிக்குப் போன வருடம் நான் வந்திருந்தேன். அது சிங்கிள் பேஸ் இணைப்பு. பழைய 'பார்' (PAR) வகை மேடை விளக்குகள் ஒவ்வொன்றும் 1000 வாட். எட்டு போட்டால் 8000 வாட், அதாவது சுமார் 35 ஆம்பியர். அச்சக எந்திரங்களுக்கு இருந்த பழைய த்ரீ பேஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொன்னீர்கள். இருக்கிற வயரில் இதை இழுத்தால் நாடகத்தின் நடுவே இருட்டு வரும், அல்லது அதைவிட மோசமானது வரும். நான்கு எல்இடி பார் விளக்குகளும், இரண்டு 500 வாட் ஹாலஜனும் போதும். அறுபது பேர் உட்காரும் அறையில் நடிகரின் முகம் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள், உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அன்றைக்கு நான் பார்த்த நாடகத்தில் ஒரு தாய் தன் மகனிடம் மிகத் தணிந்த குரலில் பேசும் இடம் வந்தபோது முதலில் நாலைந்து துளி தட்டியது. பிறகு சோளப்பொரி வெடிப்பது போலக் கேட்டது. அதன்பின் எதுவும் கேட்கவில்லை. அந்த நடிகை கெட்டிக்காரர். குரலை உயர்த்தாமல், சொல்ல வந்ததைச் சொல்லாமலே, மகனாக நடித்தவரின் அருகில் போய் உட்கார்ந்து அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். ஏறத்தாழ ஏழு நிமிடம் மழை ஓயும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அந்த நாடகத்தில் இன்றைக்கும் எனக்கு நினைவிருப்பது அந்த ஏழு நிமிடம் மட்டும்தான். ஆனால் எல்லா நாளும் இப்படி நடக்கும் என்று நம்பி நிரல் போட முடியாது. பேச்சு நிறைந்த நாடகத்தை மார்கழிக்குத் தள்ளுங்கள். பறை, பாட்டு, உடல்மொழி சார்ந்தவற்றை ஐப்பசியில் வையுங்கள்.

மாடியரங்கு:

அந்த மழை நாளை நாங்களும் மறக்கவில்லை. கூரைக்கு அடியில் தென்னங்கீற்றுத் தட்டி அடித்தால் சத்தம் குறையும் என்று ஒருவர் சொல்கிறார், எலி வரும் என்று இன்னொருவர் சொல்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிரதிவாசகி:

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உரிமை விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் பல ஆண்டுகளாக இதில் அலட்சியமாக இருந்துவிட்டோம்.

நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார். 2024 டிசம்பரோடு அந்தக் காலம் முடிந்துவிட்டதால் 'சபாபதி'க்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஸ்பெஷல் நாடகங்களில் பாடப்படும் பாடல்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இலேயே மறைந்துவிட்டார், ஆகவே அவருடைய பாடல்களிலும் சிக்கல் கிடையாது. ந. முத்துசாமி மறைந்தது 2018இல். அவருடைய குடும்பத்தாரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். பாதல் சர்க்கார் 2011இல் மறைந்தார். அவருடைய நாடகத்துக்கு இரண்டு அனுமதிகள் தேவை, ஏனென்றால் வங்காள மூலத்துக்கு ஒரு உரிமை, தமிழாக்கம் செய்தவருக்குத் தனியாக ஒரு உரிமை. மொழிபெயர்ப்பாளரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான் மொழிபெயர்த்த ஒரு நாடகம் மேடையேறியதை ஒருமுறை சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதிலும் என் பெயர் இல்லை.

கட்டணம் வாங்காத பார்வையாளர்கள் முன் அமெச்சூர் குழு ஒன்று நடத்தும் நிகழ்வுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் சீட்டு விற்பதாக இருந்தால் அந்த விலக்கின் நிழலில் ஒதுங்க முடியாது. அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, கேட்டார்களே என்று மகிழ்ச்சிதான் அடைகிறார்கள்.

புதுமுகம்24:

இங்கே நான் புதியவன், தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரியில் நாடகம் போடும்போது பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். சிறு அரங்குகளுக்கும் அது உண்டா?

பழைய வாத்தியார்:

தம்பி, அது ஒரு காலத்தில் இருந்தது. 1876இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வழியில் 1954இல் இங்கேயும் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதைக் காட்டி, நடிக்கும் முன்பே பிரதியைக் காவல் துறை வாங்கிப் பார்த்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவை 1978 முதல் நடத்திவந்த ஞாநி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. எனவே பிரதியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டியதில்லை. தெருவிலோ திடலிலோ ஆடினால் ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் அனுமதி வாங்குவது வேறு விஷயம். நான் 1980களில் பிரதியோடு ஒரு நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்த ஏட்டு மூன்று பக்கம் படித்துவிட்டு, 'இதில் கதாநாயகி எப்போது வருவாள்' என்று கேட்டார். வரமாட்டாள் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வடக்குத்தெரு கூத்தர்:

கூத்துப் பட்டறையையும் ஸ்பெஷல் நாடகத்தையும் நிரலில் சேர்த்ததற்கு நன்றி. நான் வடமாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து ஓயாது. அந்த மாதங்களில் ஒரு வாத்தியாரை இரண்டு நாள் மதுரைக்கு அழைத்துவருவது நடக்காத காரியம். ஐப்பசியும் கார்த்திகையும்தான் அவர்கள் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் காலம். அந்த வகையில் உங்கள் நாட்கள் சரியாக அமைந்திருக்கின்றன.

ஆனால் ஸ்பெஷல் நாடகத்தை ஒரு மாலையில் சுருக்குவதைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்த நாடகத்தின் அழகே, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் (நாயக நடிகர்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி) பபூனும் (கோமாளி) ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவுதான் மேடையில் சந்திப்பது. வள்ளி திருமணம் எல்லோருக்கும் பாடம். ஆனால் அன்றைக்கு வள்ளி என்ன கேட்பாள், வேடன் எந்தப் பாட்டால் பதில் சொல்வான் என்பது இருவருக்குமே தெரியாது. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடிக்கும் விதத்திலிருந்தே ஒருவர் கையிருப்பை மற்றவர் கணக்குப் போடுவார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை இந்தப் போட்டி நடக்கும். அதை ஒன்றரை மணி நேர 'செயல்முறை விளக்கம்' ஆக்கினால் அவர்கள் தங்கள் சரக்கின் மாதிரியை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மதுரையிலேயே இருந்துகொண்டு, 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய அதே ஊரில், ஒரு முழு இரவை ஒதுக்க முடியாதா? மார்கழியில் அவர்களுக்கும் வேலை குறைவு. அறுபது பேர், ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், பலவகைத் தாளக் கருவிகளை வாசிக்கும் ஒரு ஆல்ரவுண்ட், நடுச்சாமத்தில் சுக்குக் காப்பி. ஒலிபெருக்கியே வேண்டாம்.

வைகைக்கரை:

கூத்தர் அவர்கள் சொன்னதற்கு என் முழு ஆதரவு. நான் மேலே மறுத்துப் பேசியது நவீன நாடகத்தைப் பற்றி மட்டும்தான். விடிய விடிய வள்ளி திருமணம் என்றால் அறுபது பேர் அமரும் இடம் போதாது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தே ஆட்கள் வந்து படிக்கட்டில் உட்காருவார்கள்.

பின்வரிசை:

நீங்களே சொல்லிவிட்டீர்கள். வள்ளி திருமணத்தைப் பத்தாவது முறையாகப் பார்க்க ஒருவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறார் என்றால், பார்த்த நாடகத்தையே மறுபடி பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. நவீன நாடகக்காரர்கள்தான் அந்த வாய்ப்பைக் கொடுத்ததில்லை. முதல் காட்சியில் வசனம் தடுமாறும், இரண்டாவதில் வேகம் கூடிப் போகும். நான்காவது, ஐந்தாவது ஆட்டத்தில்தான் நடிகர் சக நடிகர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்குகிறார். நாம் எப்போதும் முதல் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு, தமிழில் நல்ல நடிப்பு இல்லை என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, நேரம். ஆறரை என்று அச்சிட்டுவிட்டு ஏழே காலுக்குத் தொடங்காதீர்கள். ரங்க சங்கராவில் ஏழரைக்குக் கதவு மூடினால் மூடியதுதான், யாராக இருந்தாலும் வெளியே. தலைமை விருந்தினர் வரவில்லை என்பதற்காக அறுபது பேரைக் காக்க வைக்கும் வழக்கத்தை ஒழிக்க எளிய வழி, தலைமை விருந்தினரையே அழைக்காமல் இருப்பது.

வீதித் தோழர்:

கதவை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீட்டு விற்பதிலும் இல்லை. பாதல் சர்க்கார் 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் பட்டறை நடத்திய பிறகு இங்கே வீதி நாடகம் எப்படிப் பரவியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். காசு இல்லாதவனும் வந்து நிற்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அவருடைய நாடகத்தையே எடுத்துக்கொண்டு வாசலில் இருநூறு ரூபாய் கேட்பது எனக்கு நெருடலாக இருக்கிறது. முடிந்த பிறகு துண்டை விரியுங்கள், மனம் இருப்பவர்கள் போடட்டும்.

ஒளிப்பெட்டி:

துண்டில் விழும் காசு விளக்கு வாடகைக்குப் போதாது, தோழர். அனுபவத்தில் சொல்கிறேன்.

மாடியரங்கு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவாக உட்கார்ந்து நிரலை மாற்றி எழுதியிருக்கிறோம்.

நவீன நாடகம் இரண்டு மட்டும். ஐப்பசியில், தீபாவளி கழித்து, எங்கள் புதிய நாடகம். அதில் பேச்சு குறைவு, பறை உண்டு என்பதால் மழைக்குத் தாங்கும். இரண்டு வாரம், சனி ஞாயிறு, நான்கு காட்சிகள். மார்கழியில் 'நாற்காலிக்காரர்', அதுவும் நான்கு காட்சிகள். அனுமதிக் கடிதம் இன்று எழுதிவிட்டோம், பதில் வந்த பிறகுதான் சுவரொட்டி. கார்த்திகை முதல் வாரம் கூத்துப் பட்டறை. பட்டறையில் கற்றுக்கொண்டவர்கள் கடைசி நாள் இரவு ஒரு சிறு பகுதியை ஆடிக் காட்டுவார்கள். கார்த்திகையின் மற்ற வாரங்களில் மாணவர்களின் 'சபாபதி' இரண்டு முறை, பிறகு பாதல் சர்க்காரின் நாடகம், நாடகமாக இல்லாமல் பிரதி வாசிப்பாக, கட்டணமின்றி. மொழிபெயர்ப்பாளரை நேரில் அழைத்து, அவர் பெயரை மூல ஆசிரியரின் பெயர் அளவுக்கே பெரிதாகப் போடுகிறோம். புதுச்சேரிக் குழுவிடம் தை மாதத்துக்கு வரமுடியுமா என்று கேட்டிருக்கிறோம். குழந்தைகள் நாடகம் அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், காலைக் காட்சி.

கட்டணத்தைப் பற்றி நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவாக நாற்காலிக்கு 150 ரூபாய், ஜமுக்காளத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஜமுக்காளத்தில்தான் பார்வை நன்றாக இருக்கும். நாடகச் சீட்டு 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி இல்லை என்பதைக் கணக்கர் உறுதிப்படுத்தியிருக்கிறார். தொடக்க நேரம் ஆறே முக்கால். ஏழு மணிக்குப் பிறகு வருபவர்களைப் படிக்கட்டில் காத்திருக்கச் சொல்லி, காட்சி மாறும் இடத்தில் ஒரே முறை உள்ளே விடுவோம். பின்வரிசை அவர்கள் இதற்கு மேல் கடுமையை எதிர்பார்க்க வேண்டாம், இது மதுரை.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒரு முழு இரவு ஒதுக்கிவிட்டோம், மார்கழி மூன்றாவது சனி. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. கீழே அச்சகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடும்பம் குடியிருக்கிறது. விடிய விடிய ஆர்மோனியம் என்று சொன்னதும் வீட்டுக்காரம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

வடக்குத்தெரு கூத்தர்:

அவரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். வள்ளி யார் என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

மாடியரங்கு:

சொன்னோம். அந்த ஸ்திரீபார்ட்டை அவர் சிறு வயதில் தன் ஊர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாராம். சுக்குக் காப்பி தானே போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். கருப்பட்டி மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும்.